டாக்டரும் வருகிறார்

மரக்கடைக்காரர் வாயிலிருந்த பஞ்சைத் தானே பிடுங்கிப் போட்டுவிட்டு, "நிஜமாவா டாக்டர்? நீங்களும் வர்றீங்களா?" என்று நிமிர்ந்து உட்கார்ந்தபோதுதான், பல் டாக்டருக்குத் தன் வாய்க்கொழுப்பு உறைத்தது.

நாற்காலியில் படுத்திருப்பவர்களின் பயத்தைப் போக்க எதையாவது சொல்லிவைப்பது அவர் வழக்கம். பாட்டு வாத்தியார் வந்தால், "நானும் உங்ககிட்ட பாட்டுக் கத்துக்கணும்" என்பார். மேஸ்திரி வந்தால், "எனக்கும் ஒரு வீடு கட்டித் தரணும்" என்பார். வாய் நிறையப் பஞ்சை வைத்துக்கொண்டு யாரும் மேலே பேச மாட்டார்கள் என்பது அதிலுள்ள சௌகரியம். மரக்கடைக்காரர் முதல்முறையாக நாலு நாள் சைக்கிள் பயணம் போகப்போகிறார் என்று தெரிந்ததும், "அட, எனக்கும் ரொம்ப நாள் ஆசை! நானும் வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு மருந்தெடுக்கத் திரும்பியிருந்தார். அவ்வளவுதான்.

"ஆனா என்கிட்ட சைக்கிள் இல்லையே!" என்றார் அவசரமாக.

"அதுக்கென்ன டாக்டர், நான் அனுப்பறேன்."

மறுநாளே வந்து சேர்ந்தது. மாடியில் வீடு, கீழே கிளினிக். வேறு இடமில்லாததால் நோயாளிகள் காத்திருக்கும் அறையிலேயே சைக்கிளை நிறுத்தினார்கள். அதைப் பார்த்தவர்களுக்கெல்லாம் பல்வலி மறந்துபோயிற்று.

"டாக்டர் நாலு நாள் தூரப் பயணம் போறார்" என்று உதவிக்கு இருந்த அம்மாள், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னாள். பாட்டு வாத்தியார் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

டாக்டர் மரக்கடைக்காரருக்குப் போன் செய்தார். "எனக்கு முழங்கால் வலிங்க. இந்தத் தடவை விட்டுடுங்களேன்."

"முழங்கால்தானே? என் மச்சினிக்கு அதுதான் வேலையே. அனுப்பறேன்."

மச்சினி தினமும் காலையில் வந்து அவர் காலை மடக்கினாள், நீட்டினாள், முறுக்கினாள். இல்லாத முழங்கால் வலி போனதோடு, நிஜமாகவே இருந்த முதுகுவலியும் போய்விட்டது.

கடைசி அஸ்திரத்தை எடுத்தார் டாக்டர். "வீட்டுல விடமாட்டேங்கறாங்க."

அன்று சாயங்காலமே மரக்கடைக்காரர் மாடிப்படி ஏறி வந்துவிட்டார். "அம்மா, நீங்கதான் பெரிய மனசு பண்ணி அனுப்பணும்."

"நான் எப்பங்க வேண்டாம்னேன்?" என்றாள் டாக்டரின் மனைவி. "இவரு என்கிட்ட கேட்கவே இல்லையே!"

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டை வாங்கிவந்தாள். மழைக்கு ஒரு சட்டை, குளிருக்கு ஒரு சட்டை என்று சைக்கிள் பைகளில் திணித்தாள். சுமையோடு ஓட்டிப் பார்க்கலாம் என்று டாக்டர் தெருவில் இறங்கினார். வளைவில் அவர் ஒரு பக்கம் திரும்ப, பைகள் வேறு பக்கம் போக முடிவு செய்தன. எதிர்வீட்டுச் செடிவேலியிலிருந்து அவரை நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

முழங்கையில் பிளாஸ்திரியோடு மாடியேறும்போது, 'என்னால முடியாது' என்று சொல்லிவிடுவதென்றே முடிவெடுத்திருந்தார். உள்ளே மனைவி அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"படியேறவே மூச்சு வாங்கற மனுஷன்க்கா! இப்ப பாரு, கிளம்பிட்டாரு. எனக்கே பெருமையா இருக்கு."

டாக்டர் சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டார்.

கிளம்பும் நாள் காலையில், மெத்தைச் சட்டையும் தலைக்கவசமுமாக வாசலில் நின்றார். மனைவியும் உதவியாளரும் கையசைக்கத் தயாராக நின்றார்கள். மரக்கடைக்காரர் சைக்கிளில் வந்து இறங்கினார். வழியனுப்ப அவர் மனைவியும் காரில் பின்னாலேயே வந்தாள்.

காரை விட்டு இறங்கிய அந்த அம்மாள் டாக்டரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு தலையை நிமிர்த்தி, கிளினிக் பெயர்ப்பலகையில் ஆளுயரத்துக்கு வரைந்திருந்த கடைவாய்ப்பல்லைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இவருதான் உங்களோட வர்ற டாக்டரா?"

மரக்கடைக்காரர் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தார்.

அவள் நேராகப் போய்க் கணவர் சைக்கிளிலிருந்த பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் காருக்குள் எறிந்தாள். "பயணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. வீட்டுக்கு நடங்க."

எத்தனையோ நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாறாங்கல் உருண்டு போன மாதிரி இருந்தது டாக்டருக்கு. பெண்குரலில் ஒரு அதட்டல் இவ்வளவு இனிமையாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"போகட்டும் விடுங்க," என்று மனைவி அவர் காதோரம் சொன்னாள். "நீங்க கிளம்பி நின்னீங்களே, எனக்கு அதுவே போதும்."

அது போதாதா? டாக்டருக்குத் தாராள மனசு வந்துவிட்டது. தலைக்கவசத்தின் வாரை அவிழ்த்துக்கொண்டே, "ஏம்மா, பாவம், ஆசைப்பட்டுட்டார். போயிட்டு வரட்டுமே?" என்றார்.

"நெஞ்சுவலி வந்த மனுஷன், துணை இல்லாம அனுப்ப மாட்டேன்னு ஒத்தைக்கால்ல நின்னேன். 'டாக்டரே கூட வர்றார், வழியில எது வந்தாலும் பார்த்துக்குவார்'னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணாருங்க!" என்றாள் அந்த அம்மாள். "வழியில இவருக்குப் பல்லா வலிக்கப்போகுது?"