சத்தமில்லாத பெட்டியும் என் அஞ்சு நிமிசமும்

உலகத்தில் இரண்டு பேர் சொல்வதை நம்பவே கூடாது. ஒருவர், காலி பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு ‘இந்தா கெளம்பிருச்சு, ஏறுங்க’ என்கிற கண்டக்டர். இன்னொருவர், ‘அஞ்சு நிமிச வேலைதான்’ என்று சொல்லும் கம்ப்யூட்டர் படித்தவன். கண்டக்டரால் பஸ் மட்டும்தான் லேட்டாகும். இரண்டாமவனால் என்ன ஆகும் என்பதை அந்த இரண்டாமவனே இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாயிரங்களின் நடுவில், விருதுநகரில் எம்.சி.ஏ. முடித்த கையோடு வேலையில்லாமல் இருந்தேன். (கேட்டவர்களிடம் ‘ஓன் புராஜெக்ட் பண்றேன்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களுக்கும் அது புரிந்துதான் இருந்தது.) எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருந்த என் தாய்மாமா, பேக்கிங் வேலைக்கு ஒரு சாஃப்ட்வேர் செய்து தரச் சொன்னார். அந்த வருஷம்தான் அவருக்கு முதன்முதலாகக் கோயம்புத்தூரிலிருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. ரிட்டயர் ஆனவர்கள் மட்டுமே குடியிருக்கும் ஒரு அடுக்குமாடிக்குத் தீபாவளி கிப்ட் பாக்ஸ். ஒரே ஒரு நிபந்தனை, எந்தப் பெட்டியிலும் வெடிக்கிற சாமான் இருக்கக் கூடாது. பாதிப் பேருக்கு நெஞ்சுவலியாம். “இந்த லோடு மட்டும் நல்லபடியாப் போயிருச்சுன்னா, அந்த டீலரு வருசா வருசம் நம்மகிட்டதாம்லே” என்று மாமா சாமி படத்தைப் பார்த்தபடி சொன்னார்.

அதுவரை எந்த டீலருக்கு எந்தப் பெட்டியில் என்ன வைக்க வேண்டும் என்பதை, பேக்கிங் செட்டைப் பார்த்துக்கொண்ட மாரியக்கா டீலருக்கு ஒரு தாளாக எழுதி, சுவரில் ஆளுக்கொரு ஆணியில் தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்து நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் சாஃப்ட்வேரில் எல்லாமே ஒரே இடத்தில் இருந்தது. பேக்கிங் லிஸ்ட், லேபிள், லாரி ஷீட் எல்லாம் ஒரே ஸ்க்ரீன், ஒரே பட்டன். பட்டாசுகளுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, வரிசை நம்பர்தான். ஏழு என்றால் சாட்டை, எட்டு பென்சில், ஒன்பது புஸ்வாணம், பத்து அணுகுண்டு. பெயரை டைப் அடிக்கச் சோம்பல். (வெளியே ‘ஸ்பீடா ஓடணும்ல’ என்று சொல்லிவைத்திருந்தேன்.)

சீசன் சூடுபிடிக்கப் பிடிக்க மாமா தினமும் ஒரு மாற்றம் கேட்டார். ஒரு டீலருக்குச் சின்னப் பெட்டி, இன்னொருவருக்குப் பெரிய பெட்டி, ஈரோட்டுக்காரருக்கு வெடி மட்டும். எல்லாவற்றுக்கும் என் பதில், “அஞ்சு நிமிசம் மாமா.” பழைய வரிகளை அப்படியே நகல் எடுத்து, அடியில் ஒட்டி, இரண்டு இடத்தில் திருத்தி விட்டுவிடுவேன். புரட்டாசி முடிவதற்குள் எதைத் தொட்டால் எது விழும் என்று எனக்கே தெரியாத நிலைமை. தெரியாதவன் கையை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா என்றால், அதுவும் இல்லை.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது மாமா வந்தார். “மாப்ளே, இந்த வருசம் சாட்டை போடல. லிஸ்ட்லருந்து தூக்கிரு.”

“அஞ்சு நிமிசம் மாமா.”

ஏழாம் நம்பரைத் தூக்கினேன். ஏழு போனதும் அதற்குக் கீழே இருந்ததெல்லாம் மரியாதையாக ஒரு படி மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. புஸ்வாணம் எட்டாம் நம்பர் ஆகிவிட, ஒன்பதில் அணுகுண்டு வந்து நின்றது. ஆனால் கோயம்புத்தூர்ப் பெட்டிக்கு ‘ஒன்பது வை’ என்று நான் எழுதியது எழுதியபடியே இருந்தது.

மறுநாள் காலையில் மாரியக்கா லிஸ்ட்டோடு வந்து நின்றார். “தம்பி, சத்தமில்லாத பாக்ஸ்ல அணுகுண்டுன்னு வருது. கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

நான் தலையைக்கூடத் தூக்கவில்லை. “கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுக்கா. அதுல என்ன வருதோ அத வைங்க.”

வைத்தார்கள். லோடு போனது. மூன்றாம் நாள் கோயம்புத்தூர் டீலரிடமிருந்து போன். மாமா ஸ்பீக்கரைப் போட்டார்.

“ஏனுங்க அண்ணாச்சி, பெரியவங்களுக்குத் தீபாவளி கொண்டாடக் கேட்டா, காரியம் பண்ண அனுப்பியிருக்கீங்களே! பிரிச்சுப் பார்த்த அபார்ட்மெண்ட் செக்ரட்டரிக்கே வேர்த்துப்போச்சுங்க. நல்லவேளை, யாருக்கும் குடுக்கல. திருப்பி அனுப்பறேன். நேரத்துக்கு மாத்தித் தரலைன்னா இதோட நமக்குள்ள சரிங்க.”

லாரி திரும்பி வந்த அன்றைக்குப் பேக்கிங் செட் வாசலில் எனக்கு விசாரணை. பெண்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

“ஏலே, சாட்டையத்தானே எடுக்கச் சொன்னேன்? அணுகுண்டு எங்கனருந்துலே வந்துச்சு?”

“எல்லாம் ஒண்ணோட ஒண்ணு லிங்க் மாமா. இருங்க, அஞ்சு நிமிசம்...” (ஆமாம், அப்போதும் அதையேதான் சொன்னேன்.)

ஒரு வரியைத் திருத்தினேன். லேபிளில் டீலர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘கம்பி மத்தாப்பு’ என்று வந்தது. அதைத் திருத்தினேன். லாரி ஷீட்டில் ஈரோட்டு லோடு உட்பட எல்லா லாரியும் கோயம்புத்தூருக்குக் கிளம்பின. மாமா பிளக்கைப் பிடுங்கினார்.

மாரியக்கா நிஜமாகவே அக்கறையோடு கேட்டார். “தம்பி, ஒங்க கம்ப்யூட்டர்ல மருந்து ரூமு எங்கன இருக்கு? பேக்கிங் ரூமு எங்கன?”

“தனித்தனியா எல்லாம் கிடையாதுக்கா. எல்லாமே ஒரே ரூம்தான்.”

மாரியக்கா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு இரண்டு எட்டுப் பின்னால் போனார். “ஆத்தாடி! ஒரே ரூமா? இதுக்கு எந்தப் புண்ணியவான் லைசென்ஸு குடுத்தான்?”

செட்டே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கைகாட்டிய பக்கம் பார்த்தேன். மருந்து கலக்க ஓர் அறை, அதைக் குழலில் செலுத்த ஓர் அறை, திரி வைக்க ஓர் அறை. நடுவில் ஆடு மேய்க்கிற அளவுக்கு இடம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும். ஒன்று வெடித்துப் போனாலும் மற்றது நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும். சின்ன வயதிலிருந்து நான் விளையாடிய இடம் அது. அதற்கு நடுவில் உட்கார்ந்துகொண்டுதான் எல்லாவற்றையும் ஒரே அறைக்குள் கொட்டிப் பூட்டியிருந்தேன்.

மாரியக்கா பழைய தாள்களைத் தூக்கிப் போடவே இல்லை. கதவுக்குப் பின்னால் ஆணியோடு இருந்தன. சாட்டை இருந்த தாள்களில் மட்டும் அந்தப் பெயரைக் கோடு போட்டு அடித்தார். ஆர்டர் வந்த அன்றைக்கே எழுதி மாட்டியிருந்த கோயம்புத்தூர்த் தாளைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பலகாரம் சுட வேண்டிய பெண்கள் என்னால் செட்டில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகப் பிரித்தார்கள். நானும் உட்கார்ந்து அணுகுண்டு பொறுக்கினேன். வெட்கமாக இருந்தது. போதாக்குறைக்கு மணிக்கொருதரம் யாராவது, “தம்பி, அஞ்சு நிமிசம் ஆயிருச்சா?” என்று கேட்டார்கள். தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது லோடு கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தது. அந்த டீலர் இன்றுவரை மாமாவிடம்தான் வாங்குகிறார்.

பிறகு பெங்களூரில் வேலை கிடைத்து, வருஷங்கள் ஓடி, என் பெயருக்குக் கீழே ‘சாஃப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டார்கள். எதை எதோடு சேர்க்கக் கூடாது என்று சொல்வதற்குச் சம்பளம். மாமாவிடம் போனில் சொன்னேன். “மாரி, நம்ம பயலுக்கு லைசென்ஸு குடுத்துட்டாகளாம்!” என்று அங்கே கத்துவது கேட்டது.

போன பொங்கலுக்கு மாமா வீட்டில் டி.வி. படம் வரவில்லை. பழக்கதோஷம், வாய் தவறி, “அஞ்சு நிமிச வேலை மாமா” என்றேன். மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அத்தை அடுப்பை அணைத்தார். என் மனைவி பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டாள். பொங்கலுக்கு வந்திருந்த சொந்தபந்தம் எல்லாரும் வரிசையாக வெளியே போய், நாலு நாலு பேராக, நடுவில் நல்ல இடம் விட்டுத் தெருவில் நின்றார்கள்.