பூட்டிய வீட்டில் குடியிருப்பவள்

மஸ்கட்டில் இருக்கும் அன்புள்ள அண்ணன் டெரன்ஸுக்கு,

தங்கை டெல்பின் வணக்கத்துடன் எழுதுவது. பனிமய மாதா புண்ணியத்தில் நான் சுகம். மதினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். நம் வாசலில் சாக்கடையும் ஒரு குறையுமில்லாமல் தேங்கி நிற்கிறது.

நான் சுகம் என்பது என் கணக்கு. ஊர்க் கமிட்டிப் பதிவேட்டின்படி நம் வீட்டில் ஆளே இல்லை. வீட்டுக்கு ஓர் ஆண்தானே தலைக்கட்டு. அப்பாவுக்குப் பிறகு உங்கள் பெயர் இருக்கிறது, நீங்கள் ஊரில் இல்லாததால் அதற்கு எதிரே ‘பூட்டிய வீடு’ என்று எழுதியிருக்கிறார்கள். பன்னிரண்டு வருடமாக அந்தப் பூட்டுக்குள்தான் சமைத்துச் சாப்பிட்டு, தூத்துக்குடிக்கு பஸ் ஏறிப்போய் கல்லூரியில் சமூகவியல் நடத்திவிட்டு வருகிறேன். சாக்கடைக்காக மூன்று முறை மனு கொடுத்தேன். பூட்டிய வீட்டிலிருந்து மனு வராது என்று மூன்று முறையும் திருப்பிவிட்டார்கள்.

இப்படியிருக்கையில் ஜெயபிரியா என்ற சென்னைப் பெண் சினிமா எடுக்க வந்தாள். எங்களையும் தலைக்கட்டாக எழுது என்று கடற்கரைப் பெண்கள் கமிட்டியை எதிர்க்கும் கதை. பேச்சுவழக்கைத் திருத்த என்னைக் கூப்பிட்டாள். சினிமாவால் எதுவும் மாறும் என்று நான் நம்பியதில்லை, ஆனாலும் போனேன். நம் கமிட்டி ஹாலிலேயே படப்பிடிப்பு, தலைவராக நடித்தது நம் தலைவர் ரோச் மாமாவேதான். கதாநாயகி நண்டு ஒத்துக்கொள்ளாமல் லாட்ஜில் படுத்துவிட்டதால், மாமா முகத்தை மட்டும் எடுக்கிறோம், எதிரே நின்று கதாநாயகி வசனத்தை நீங்கள் சொல்லுங்கள் மேடம் என்று என்னை நிறுத்தினார்கள். என்னையும் தலைக்கட்டாக எழுதுங்கள் என்று கேட்டேன். மாமா “சரி, எழுதிக்கிடும்” என்று செயலாளரிடம் இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும். “பாப்போம்” என்றார். அடுத்த தடவை “கமிட்டில பேசிச் சொல்லுதேன்” என்றார். அதற்கும் அடுத்து “ஒங்க அண்ணன் வரட்டும்” என்றார். ஜெயபிரியா வசனத்தை நினைவுபடுத்தினாள். “வசனம் தெரியும்மா. இந்த ஹால்ல வச்சு வாயால சொல்லிட்டா அது தீர்மானமாயிரும்லா” என்றார் மாமா. வெளியே பிரியாணி ஆறிக்கொண்டிருந்தது. பதினாலாவது தடவை, பசி தாங்காமல், என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டார். செயலாளராக நடிக்க உட்கார்ந்திருந்த நிஜச் செயலாளர் ஜெனோ, இருபது வருடப் பழக்கத்தில் நிஜப் பதிவேட்டிலேயே எழுதிவிட்டார். கதாநாயகி பெயரை அல்ல, எதிரே நின்ற என் பெயரை. அண்ணே, அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். அன்றைக்கு மட்டும் சாக்கடை நாறவில்லை.

மறுநாள் காலையிலேயே கமிட்டி கூடிவிட்டது. பதிவேட்டில் எழுதியதை அடிக்கவோ கிழிக்கவோ கூடாது என்பது விதி, ஏற்றுக்கொள்ளவும் மனமில்லை. அதனால் அதற்குக் கீழேயே இன்னொரு தீர்மானம் போட்டார்கள்: டெல்பின் தலைக்கட்டாக இருக்க, அவளுடைய அண்ணன் சம்மதக் கடிதம் தர வேண்டும். ஹாலுக்கு வெளியே என்னோடு நின்ற விக்டோரியா அக்கா, “ஏளா, அண்ணன் சம்மதிச்சாத்தான் நீ தலைன்னா, தலை ஆரு?” என்று கேட்டாள். ஜன்னலுக்கு உள்ளே எல்லாருக்கும் கேட்டது.

பெண் உரிமையை இருபத்தைந்து வருடம் பாடமாக நடத்தியவள் அப்படியொரு கடிதத்தைக் கேட்க மாட்டேன். நீங்களாக அனுப்பினாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். பூட்டிய வீடாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

மதினிக்கு என் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் பேரில் ஒரு சிலுவை போடுங்கள்.

இப்படிக்கு,
டெல்பின்

பி.கு.: சம்மதக் கடிதத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். தயவுசெய்து வாசிக்க வேண்டாம். அப்பா கப்பலில் இருந்தபோது என் ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நீங்கள் போடுவீர்களே, அந்த மாதிரி. அடுத்த மாதக் கூட்டத்துக்கு முன் வந்துசேர வேண்டும். சாக்கடை மனு தயாராக இருக்கிறது.