சாக மறுத்த செல்கள்

மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்த செபஸ்தியானுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்தத் தடவையும் செல்கள் சாகவில்லை!

புற்றுநோய் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, மருந்து ஊற்றி, ஆஸ்பத்திரி கோபால்ட் மெஷினில் கதிரும் காட்டினால் கூண்டோடு கைலாசம் போக வேண்டும். பக்கத்து மேஜை சுராயாவுக்கு அப்படித்தான் போயின. அதே செல், அதே மருந்து, அதே மெஷின். இவனுடையதில் மட்டும் பாதி உயிரோடு உட்கார்ந்திருந்தது.

"இன்னிக்கும் சாகலையா? பாவங்க நீங்க," என்றாள் சுராயா.

செபஸ்தியானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பம்பாய் மாநாட்டுக்கு ஒருத்தரைத்தான் அனுப்புவார் புரொபசர் அற்புதசாமி. இவனோ, தான்தான் போகப்போவதாக முசிறியில் மாமனார் வீடு வரைக்கும் சொல்லி வைத்துவிட்டான்.

மருந்தை இரண்டு மடங்காக்கினான். கதிருக்கு அனுப்பும் முன்பே எல்லாம் செத்துத் தொலைந்தன.

"செத்த பாம்பையாய்யா அடிக்கப் போறே?" என்றார் புரொபசர். சுராயா சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

இருவருடைய கண்ணாடித் தட்டுப் பெட்டிகளையும் டவுன் பஸ்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வருபவர் அட்டெண்டர் மருதை. தங்கமான மனுஷர். முதல் நாளே அவருக்குக் காபியும் வடையும் வாங்கிக் கொடுத்து, "அந்தம்மா பெட்டி எக்கேடு கெட்டாலும் போகுது. என் பெட்டிக்கு ஒரு ஆபத்தும் வரக்கூடாது அண்ணே," என்று சொல்லி வைத்திருந்தான் செபஸ்தியான். அதனால் வழியில் கோளாறு இருக்க முடியாது. அவள் வளர்க்கிற செல்லில்தான் ஏதோ இருக்கிறது!

வெள்ளிக்கிழமை, மருதை பெட்டிகளை எடுக்க வரும் முன், சுராயா சாப்பிடப் போன நேரம், இரண்டு பெட்டிகளின் பெயர்ச் சீட்டுகளையும் மாற்றி ஒட்டினான். மனசு குளிர்ந்தது.

திங்கட்கிழமை புரொபசரே குனிந்து பார்த்தார்.

"சுராயா, ஒண்ணுகூட மிஞ்சலைம்மா. பம்பாய்க்குத் துணிமணி எடுத்து வை." அடுத்து செபஸ்தியான் பெயர் போட்ட பெட்டி. "உன்னோடது ஜோரா இருக்குய்யா. பாதி உசிரோட!"

செபஸ்தியானுக்குத் தலை சுற்றியது. செத்தது அவன் வளர்த்தது. பிழைத்தது அவள் வளர்த்தது. அட கர்த்தரே, செல்லுக்குமா பேர் படிக்கத் தெரியும்? வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை. வராந்தாவில் போய்த் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மருதை டீயோடு வந்தார்.

"எதுக்கு சார் கவலைப்படறீங்க? கதிரு பட்டா எதுவும் பொழைக்காதுன்னு நர்சம்மா சொன்னாங்க. அந்தம்மா பெட்டியை மட்டும் உள்ள அனுப்பிடுவேன். உங்க பேரு போட்ட பெட்டியை ஒரு நாளாவது அந்த ரூமுக்குள்ள விட்டிருப்பேனா? என் மடியிலயேதான் வச்சிருந்தேன் சார்!"