அகெய்ன் சார்

உயர்நிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவர்களில் பல ரகம் உண்டு. ஆங்கிலப் பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை தமிழிலேயே நடத்தி முடித்துவிடுபவர் ஒரு ரகம். கேள்விபதில்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவை வேடிக்கை பார்ப்பவர் இன்னொரு ரகம். இவர்களால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை, படித்தவர்கள் தாங்களாகவே மறந்துவிடுவார்கள். நான் சொல்ல வந்தது மூன்றாவது ரகத்தைப் பற்றி. பிழை பொறுக்காதவர். நீங்கள் எங்கே படித்திருந்தாலும் இவரிடம் ஒரு வருடமாவது மாட்டியிருப்பீர்கள். சட்டைப் பையில் இரண்டு சிவப்புப் பேனா இருக்கும், ஒன்று மக்கர் செய்தால் இன்னொன்று. நீங்கள் பேசும்போது உங்கள் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார்.

நாம் பார்க்கப்போகும் சாருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘அகெய்ன்’. பெற்றவர்கள் வைத்த பெயரை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. ஒரு மாணவி எழுந்து நின்று, எச்சில் விழுங்கி, பயந்து பயந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தால் அவர் சொல்வது அந்த ஒரு வார்த்தைதான். அகெய்ன். மறுபடி சொன்னால் மறுபடியும் அதே. எங்கே பிழை என்று சொல்லமாட்டார். அதைச் சொல்லிவிட்டால் பிறகு ஆசிரியர் எதற்கு?

கரும்பலகையின் வலது மூலையில், யாரும் அழிக்கக்கூடாது என்று கட்டம் கட்டி, ஒரு வாசகம் எழுதி வைத்திருந்தார்: பிழையில்லாமல் பேசு, இல்லாவிட்டால் பேசாதே. முதல் பாதி கஷ்டமாக இருந்ததால் நாற்பத்து மூன்று பேரும் இரண்டாவது பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருநாள் கடைசி பெஞ்சு மாணவி தண்ணீர் குடிக்கப் போக அனுமதி கேட்டாள். ஆங்கிலத்தில்தான் கேட்க வேண்டும். கேட்டாள். அகெய்ன். திருத்திக் கேட்டாள். அகெய்ன். நான்காவது முறை கேட்கும்போது மணி அடித்துவிட்டது. அன்று முதல் அந்த வகுப்பில் தாகம் எடுப்பதே நின்றுபோயிற்று.

“சார், உங்க கிளாஸ் பக்கம் வந்தா அப்படி ஒரு அமைதி. யாருமே இல்லையோன்னு நெனச்சுட்டேன்” என்று தலைமை ஆசிரியை மனதாரப் பாராட்டினார்.

சார் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். மொழி கற்றுக்கொடுக்கும் அறையில் சத்தமே வராமல் பார்த்துக்கொள்வது லேசுப்பட்ட காரியமா?

தேர்வில் எல்லோரும் பாஸ். அதில் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் என்று லீவ் லெட்டர் எழுதச் சொன்னால் அத்தனை பேரும் தூக்கத்தில்கூட ஒரு காற்புள்ளி பிசகாமல் எழுதுவார்கள். உண்மையாகவே காய்ச்சல் வந்தால் மட்டும், ஆங்கிலத்தில் சொல்லப் பயந்து, பேசாமல் பெஞ்சில் தலை சாய்த்துப் படுத்துக்கொள்வார்கள்.

வகுப்பறையோடு விட்டாரா? ஆசிரியர் அறை அறிவிப்பில் சிவப்புக் கோடு. மருந்து அட்டையோடு வரும் துண்டுத்தாளில் சிவப்புக் கோடு. சலவைக் கடைப் பலகைக்கு எதிரில் நின்று பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் தினமும் வீட்டுக்குப் போவார். கணக்கு ஆசிரியரின் மாமனார் இறந்துபோன செய்தி ஆங்கிலத்தில் அச்சாகி வந்தபோது, அதை இரண்டு முறை படித்து, மூன்று இடத்தில் வட்டம் போட்டு, அழுது சிவந்த கண்ணோடு நின்ற கணக்கு ஆசிரியரிடமே திருப்பிக் கொடுத்தவர் இவர்.

இப்போது ஒரு ரகசியம் சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் நடத்திய சார், வகுப்புக்கு வெளியே ஒருவரிடமும் ஆங்கிலத்தில் பேசியதில்லை. வகுப்பில் பேசுவதும் ஒரு பதினைந்து வாக்கியம்தான். எழுந்து நில், உட்கார், புத்தகத்தைத் திற, அடுத்தவர், அகெய்ன். எல்லாம் கட்டளை. ஒன்றுக்கும் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை பேருந்து நிலையத்தில் முதுகில் பெரிய பையோடு வந்த வெளிநாட்டுக்காரர் ஒருவர் இவரிடம் வழி கேட்டார். சார் தன் காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்துவிட்டார். காது கேட்காதவர் போலிருக்கிறது என்று அந்த மனிதர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

ஏன் இப்படி? பயம்தான், வேறென்ன? வாயைத் திறந்தால் பிழை வந்துவிடுமோ என்ற பயம். மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டி, தட்டிப் பார்த்து, ஒரு சொல்லை மாற்றி, மறுபடி முதலிலிருந்து பார்த்து முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் போயே போய்விடுவார். மாணவர்களை மட்டுமல்ல, தன்னையும் அவர் அகெய்ன் அகெய்ன் என்றே உட்காரவைத்திருந்தார்.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு ஆங்கிலம் பேசும் மருமகள் வந்தால் என்ன ஆகும்?

வந்தாள். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன், அங்கேயே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, பத்து நாள் லீவில் முதல்முறையாகக் கூட்டிவந்தான். அவளுடைய நாடும் வேறு, தாய்மொழியும் வேறு. அவளும் நம்மைப் போலப் பள்ளியில் உட்கார்ந்து ஆங்கிலம் கற்றவள்தான். அவனுக்கும் அவளுக்கும் நடுவே இருந்த ஒரே பாலம் அந்த மொழிதான்.

“உங்களுக்கென்ன சார், மருமக கிட்ட இங்கிலீஷ்ல பொளந்து கட்டுவீங்க” என்றார் எதிர்வீட்டுக்காரர். சார் சட்டைப் பையிலிருந்த பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாரின் மனைவி தபால் அலுவலகக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரிந்த ஆங்கிலம் மொத்தமும் கவுண்டரில் புழங்கியது. அதை வைத்துக்கொண்டு அவர் சமாளித்த அழகைப் பார்க்க வேண்டுமே. இன்னும் கொஞ்சம் சாப்பாடு போடவா என்று கேட்க, கரண்டியைத் தூக்கிக் காட்டி, “பார்சல்?” என்பார். சீக்கிரம் குளித்துவிட்டு வா என்பதற்கு “எக்ஸ்பிரஸ்”. உன்னை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று சொல்லத் தோன்றியபோது, அவள் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “ரிஜிஸ்டர்ட்” என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மூன்றாம் நாளிலிருந்து அவளும் வாய் நிறைய ரிஜிஸ்டர்ட் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

சார்? சார் பேசவில்லை. செய்தித்தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவருடைய கண்ணாடி மூக்கில் கோணலாக உட்கார்ந்திருப்பதை அவள் கவனித்தாள். ஒரு பக்கத்துத் திருகு கழன்றுபோய், அந்த இடத்தில் அவர் நூல் சுற்றி வைத்திருந்தார். அவள் ஒன்றும் கேட்காமல் மெதுவாகக் கண்ணாடியைக் கழற்றி, தன் பையிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நூலைப் பிரித்துவிட்டுப் புதுத் திருகு போட்டு முடுக்கினாள். இரண்டு கண்ணாடியையும் துடைத்து, அவர் முகத்தில் மாட்டி, நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள். எத்தனையோ மாதம் கழித்துச் சாருக்கு உலகம் நேராகத் தெரிந்தது. நெஞ்சு நிறைந்துபோயிற்று. அதைச் சொல்ல வேண்டும் என்று வாக்கியத்தை ஆரம்பித்தார். வெறும் நன்றி போதுமா? முப்பத்தொரு வருட அனுபவத்துக்கு அது அழகா? ‘உன்னுடைய அன்பான உதவிக்கு’ என்று தொடங்கலாமா, அல்லது அதைக் கடைசியில் வைக்கலாமா? வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் சற்று நேரம் நின்றாள், பிறகு போய்விட்டாள்.

“அப்பா, அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசுங்களேன். உங்களுக்கு அவளைப் பிடிக்கலையோன்னு பயப்படுறா. நான் சொன்னா நம்பமாட்டேங்கிறா. இத்தனை வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர், பேசணும்னா பேசமாட்டாரான்னு கேக்கிறா” என்றான் மகன்.

“பேசலாம், பேசலாம். அவசரத்துல பேசுற மொழியா அது?”

“நாங்க தினம் பேசுறோமேப்பா.”

“அதான் பார்க்கிறேனே. நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து அதைப் படுத்துற பாடு” என்றார் சார். மகன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

அன்றிரவே அவள் சாப்பிடாமல் படுத்துவிட்டாள் என்று மனைவி வந்து சொன்னபோது சாருக்குத் தூக்கம் வரவில்லை. அவளை அவருக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அதை அவளிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் எழுதினார். எழுதியதை அவரே சிவப்புப் பேனாவால் திருத்தினார். காலையில் தாள் முழுக்கச் சிவப்பாக இருந்தது, வாக்கியம் மட்டும் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை வாசலில் டாக்ஸி வந்து நின்றது. மகன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர் வழியனுப்ப வந்து நின்றார். மருமகள் படியிறங்கப் போனவள், மாமியாரின் கையை விடாமல் பிடித்தபடியே திரும்பி, சாருக்கு நேராக வந்து நின்றாள். எல்லாத் தைரியத்தையும் திரட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். அதை அப்படியே தமிழில் சொன்னால் ஏறக்குறைய இப்படி வரும்:

“நீங்க என்னை பிடிக்காது. பரவாயில்லை. ஆனால் நான் உங்களை ரொம்ப பிடிக்கும்.”

ஒரு மகள் இதைவிட என்ன சொல்லிவிட முடியும்? சாருக்கு மனம் உருகியது. ஆனால் மனம் உருகுவதற்கு முன்பே காது வேலையை முடித்துவிட்டது. முப்பத்தொரு வருடப் பழக்கம், தானாகவே வாயைத் திறந்தது. இத்தனை நாளும் ஒரு வார்த்தை பேசாத மாமனார் மருமகளிடம் பேசிய முதல் வார்த்தை:

“அகெய்ன்.”

டாக்ஸிக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அவள் முகம் வெளுத்தது. அடுத்த நொடி அவளிடம் ஏதோ மாறியது. முதுகு தானாக நிமிர்ந்தது, குதிகால்கள் சேர்ந்தன, தாடை உயர்ந்தது. எந்தத் தேசத்திலோ எந்தப் பள்ளியிலோ சிவப்புப் பேனா வைத்திருந்த ஒருவர் அவளுக்கும் இருந்திருக்க வேண்டும். அதே வாக்கியத்தை, நிறுத்தி நிதானமாக, ஒரு பிழை இல்லாமல் திரும்பச் சொன்னாள்.

“குட். சிட் டௌன்” என்றார் சார்.

உட்கார அங்கே என்ன இருக்கிறது? அவள் டாக்ஸியில் போய் உட்கார்ந்தாள். வண்டி நகரும்போது கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எதிர்வீட்டுக்காரரால் கண்டுபிடிக்க முடியவில்லை. சாரின் மனைவியால் முடிந்தது.

“வாயைத் திறக்கமாட்டீங்களான்னு தவம் கிடந்தேன். இதுக்கு நீங்க திறக்காமலே இருந்திருக்கலாம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

டாக்ஸி முனை திரும்பி மறைந்த பிறகுதான் சாருக்கு அந்த வாக்கியம் கிடைத்தது. கண்ணாடிக்கு நன்றி, உன்னை மகளாக நினைக்கிறேன், மறுபடி வா, எல்லாம் அடங்கிய ஒரே வாக்கியம். எழுவாய், பயனிலை எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்திருந்தன. காலித் தெருவைப் பார்த்து அதைச் சொல்லியும் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். மாமியாரும் மருமகளும் பார்சல், எக்ஸ்பிரஸ், ரிஜிஸ்டர்ட் என்று அரைமணி நேரம் பேசுவார்கள். மூன்றாவது ஞாயிறு, மனைவி ஒன்றும் சொல்லாமல் போனைச் சாரின் காதில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

“கண்ணாடி எப்படி?” என்றது அந்தப் பக்கத்துக் குரல்.

சார் எழுந்து நின்றார். தயாராக வைத்திருந்த வாக்கியம் மொத்தமும் கையை விட்டுப் போயிற்று. முப்பத்தொரு வருடத்தில் முதல்முறையாக, வந்தது வரட்டும் என்று வாயைத் திறந்தார். வந்த ஆங்கிலம் தமிழில் இப்படி:

“கண்ணாடி நல்லா. நீ நல்லா. நீ வா.”

மூன்று வாக்கியம், மூன்றிலும் பிழை. கேட்டவுடனே அவருடைய கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. அந்தப் பக்கத்திலிருந்து உடைந்த குரலில் ஒரு வார்த்தை வந்தது.

“அகெய்ன்.”

சார் முதுகை நிமிர்த்திக்கொண்டு மறுபடி சொன்னார், ஒரு பிழையையும் திருத்தாமல்.

“குட். சிட் டௌன்” என்றாள் அவள். சார் உட்கார்ந்தார்.

இதற்காகத் திங்கட்கிழமை வகுப்பில் அவர் ஆளே மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ரகம் அவ்வளவு சுலபத்தில் மாறாது. கடைசி பெஞ்சு மாணவி தண்ணீருக்கு அனுமதி கேட்டபோது, இரண்டாவது அகெய்னிலேயே விட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்தப் பெண் குழாயடியிலிருந்து திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

யாரோ ஒரு சாரைப் பற்றித்தானே என்று நீங்கள் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் ஒரு சின்னப் பரீட்சை. மகனுக்குப் பத்து நாள் லீவு என்று எழுதிவிட்டு, பன்னிரண்டாம் நாள் டாக்ஸி வந்ததாக எழுதியிருக்கிறேன். அது உங்கள் கண்ணில் பட்டதா? படவில்லை என்றால் நீங்கள் போகலாம், உங்களைப் போன்றவர்களோடு குடும்பம் நடத்துவது சுலபம். பட்டவர்கள் மட்டும் கொஞ்சம் இருங்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். அன்று காலை அந்தப் பெண் மாமனாரிடம் பேசும்போது யாருடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்?

தெரியவில்லையா? எழுந்து நில்லுங்கள். முதல் வரியிலிருந்து படியுங்கள். அகெய்ன்.