கிறெயின் அண்ணையின் மெல்லிய ரவைகள்

கறிக்கு உப்பை வெடிமருந்துத் தராசில் நிறுத்துப் போட்ட ஒரே மனிதர் இந்த உலகத்தில் புலம்பெயர்ந்து வந்த மில்லிக்கனில் எனக்கு வாடகைக்கு இடம் தந்த கிறெயின் அண்ணைதான். கிறெயின் என்பது துப்பாக்கிக்காரர்களின் நிறைக் கணக்கு. ஒரு கிராமுக்குள் பதினைந்து கிறெயின் அடங்கும். கிராம் என்பது அண்ணைக்கு மூட்டை தூக்குகிறவர்களின் அளவு. ஒருநாள் அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், "உப்புக் காணுமோ?" என்று கேட்டதற்கு, "முப்பது கிறெயின் கூடிப்போச்சு" என்றார். அன்றோடு அக்கா தராசைக் குசினியிலிருந்து கராஜுக்கு நாடுகடத்திவிட்டார்.

கராஜ்தான் அண்ணையின் ராச்சியம். சனிக்கிழமைகளில் அவர் சுடும் கிளப்புக்குப் போவார். அவருடைய முப்பத்தெட்டாம் நம்பர் ரிவோல்வருக்கு வேண்டிய ரவைகளைக் கராஜில்தான் செய்தார். சுட்டு முடிந்த வெறுங்கோதுகளைப் பொறுக்கி வந்து, துடைத்து, அடியில் பொறி தட்டும் புதிய கேப் பொருத்தி, உள்ளே மருந்து கொட்டி, வாயில் ஈயச் சன்னத்தை அழுத்துவார்.

"கடையில வாங்கலாமே அண்ணை, ஏன் இவ்வளவு பாடு?" என்று நான் கேட்டேன். அப்போது நான் அவருடைய பேஸ்மென்றுக்குக் குடிவந்து ஒரு வாரம்.

"கடையில விக்கிறது ஆரோ ஒரு ஆறடிக்காரனுக்குச் செய்தது, தம்பி. என்ர மணிக்கட்டை அவங்களுக்குத் தெரியாது."

துப்பாக்கி லைசென்சின் பிரதி ஒன்றைச் சட்டம் போட்டுப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். கராஜில் நெருப்புக்குத் தடை. அதனால் இரண்டுக்கும் பூ மட்டுந்தான் வைப்பார்.

இரண்டாயிரத்து ஒன்பதின் வசந்தத்தில் அந்த வீட்டில் சிரிப்புக் குறைந்தது. அக்காவின் தங்கையும் இரண்டு பிள்ளைகளும் வன்னியில், கடைசிச் சண்டையில் சுருங்கிக்கொண்டே போன அந்தக் கடற்கரைத் துண்டுக்குள் அகப்பட்டிருந்தார்கள். மாசி மாதத்துக்குப் பிறகு செய்தி இல்லை. அக்கா வேலைக்கு லீவு போட்டுவிட்டு ஹோலில் போனுக்குப் பக்கத்திலேயே இருந்தார். அந்த நாட்களில் சொந்தக்காரர் ஒருவர் வந்து, கராஜில் ஐஸ்கிறீம் டப்பாவைத் திறந்து பார்த்தார். உள்ளே சன்னங்கள். குடித்துக்கொண்டிருந்த ரீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"இந்த நேரத்தில ஒரு தமிழன் வீட்டில இருந்து ரவை செய்யிறான் எண்டா பொலிஸ் என்ன நினைக்கும்?"

"லைசென்ஸ் சுவரில கிடக்கு. வாசிச்சிட்டுப் போங்கோ" என்றார் அண்ணை. அவர் வாசிக்கவில்லை. பிறகு வரவுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா திடீரென்று சொன்னார். "வாற சனி என்னையும் கூட்டிக்கொண்டு போங்கோ. இந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தா எனக்கு விசர் பிடிச்சிடும்."

அண்ணை கலங்கிப்போனார். பதினைந்து வருடம் பிஸ்கற் பெட்டி அடுக்கி அக்காவின் மணிக்கட்டு நொந்து கிடந்தது. ரீக் கேத்திலையே இரண்டு கையாலும்தான் தூக்குவார். அவருக்காக அண்ணை தனி ரவை செய்யத் தொடங்கினார். வழக்கமாக அவர் போடும் சன்னம் நூற்றைம்பத்தெட்டு கிறெயின். அக்காவுக்கு நூறு கிறெயின் சன்னம் தேடிப் பிடித்தார். மருந்தையும் ரவை செய்யும் முறைப் புத்தகம் அனுமதித்த மிகக் குறைந்த அளவுக்கு இறக்கினார். சன்னத்தின் நிறை குறைந்தால் கையில் விழும் உதையும் குறையும். வேலை முடிந்து வந்து உடுப்பும் மாற்றாமல் தராசுக்கு முன்னால் இருப்பார்.

சனி காலை மூவரும் போனோம். காதுக்கு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி. அக்கா இரண்டு கையாலும் ரிவோல்வரைப் பிடித்தார். நான் பின்னால் நின்றேன். அண்ணை இலக்கைப் பார்க்கவில்லை. அக்காவின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் வெடியில் அக்காவின் தோள் நடுங்கியது. இரண்டாவதில் நடுக்கம் குறைந்தது. நாலாவது வெடி இலக்கின் ஓரத்தைக் கிழித்தபோது அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது.

ஐந்தாவது வெடியில் கை அசையவேயில்லை.

"இதுதான் எல்லாத்திலயும் நல்லாயிருக்கு" என்று அக்கா உரக்கச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அண்ணை கடைசியில் வென்றுவிட்டார் என்றே நினைத்தேன். அக்கா ஆறாவதற்கு விசையை இழுக்கத் தொடங்கினார். ரவைகள் அடங்கிய உருளை சுழலத் தொடங்கிவிட்டது.

அண்ணை பாய்ந்து அந்த உருளையைக் கையால் இறுக்கிப் பிடித்தார். உருளை சுழலாவிட்டால் விசை நகராது.

"விரலை எடும். இனி இழுக்காதையும். விரலை எடும்."

அக்கா எடுத்தார். அண்ணை ரவைகளைக் கொட்டிவிட்டு, மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றைக் குழாய்க்குள் விட்டார். அது பாதியில் நின்றது. ஐந்தாவது சன்னம் குழாய்க்குள்ளேயே சிக்கிக் கிடந்தது. ஆறாவது வெடித்திருந்தால் குழாயோடு அக்காவின் கையும் போயிருக்கும்.

அண்ணை பின்னால் கிடந்த மர வாங்கில் இருந்துவிட்டார்.

"அதுக்கு நான் மருந்தே போடேல்லை. அதுதான் உம்மட கை அசையேல்லை" என்றார். "கேப்பின்ர பொறிதான் சன்னத்தைத் தள்ளியிருக்கு. வியாழக்கிழமை போன் அடிச்சதெல்லே, அப்ப இடையில எழும்பி ஓடினனான்."

எனக்கும் அந்தப் போன் நினைவிருந்தது. பேஸ்மென்றிலிருந்து நானும் ஓடினேன். மூன்று பேரும் ஹோலில் முட்டிக்கொண்டோம். எடுத்தால், வீட்டுக் காற்றுக்குழாயைச் சுத்தம் செய்யவேண்டுமா என்று ஒரு பெண் இங்கிலீசில் கேட்டாள். இடையில் எழும்பினால் எல்லாக் கோதையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அண்ணை எனக்கே சொன்ன விதி. அன்றைக்கு அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருந்தார்.

"உம்மட கையை நானே அழிக்கப் பார்த்தன்."

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் இருந்தார். "நானெண்டாலும் ஓடித்தான் போயிருப்பன்" என்றார்.

அன்று பின்னேரம் மிச்ச ரவைகள் எல்லாவற்றையும் பிரித்து ஒவ்வொன்றாக நிறுத்தோம். ஒன்றில்கூடப் பிழை இல்லை. அண்ணைக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. தராசை மூடி வைத்துவிட்டு, அக்காவோடு போனுக்குப் பக்கத்தில் போய் இருந்தார்.

மே மாதம் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். மூன்று கிழமை கழித்து வவுனியா முகாமிலிருந்து யாரோ ஒருவரின் போனில் தங்கை பேசினாள். "நானும் பிள்ளையளும் இருக்கிறம்" என்றதோடு தொடர்பு அறுந்துவிட்டது. அக்கா போனை வைக்காமல் பிடித்துக்கொண்டே நின்றார். அண்ணை அவருடைய முழங்கையைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

இலையுதிர் காலத்தில் அக்கா, "இந்தச் சனியும் போவமே?" என்று கேட்டார். அண்ணை தராசைத் திறப்பதற்கு முன் போன் வயரைச் சுவரிலிருந்து கழற்றினார்.

பக்கத்து ஊரான அஜக்சில் ஒரு வீடு வாங்க எனக்கு அடுத்த வருடமே வசதி வந்தது. ஆனாலும் நான் அந்தப் பேஸ்மென்றிலேயே இன்னும் நாலு வருடம் இருந்தேன்.