நூற்றுக்கு நூறு வாங்கிய நெஞ்சு

திருவிழாக் கூட்டத்தை இடித்துக்கொண்டு பல்லக்கை நோக்கி ஓடினாள் நர்ஸ் டுஃபியே. பல்லக்கின் மேல், இதய வால்வு மாற்றி ஐந்தே வாரமான தலைவர் நானா இன்டியாமோவா, முரசுக்கு ஏற்ப வாளை உயர்த்தி உட்கார்ந்தபடியே ஆடிக்கொண்டிருந்தார். அறுத்து, கம்பியால் தைத்த நெஞ்செலும்பு இன்னும் கூடவில்லை. இன்னும் நாலு வீச்சு, விட்டுப்போகும்.

நோயாளிக்குக் கல்வி புகட்டுவதில் கானா நாட்டுக்கே கலங்கரை விளக்கம் டுஃபியேயின் ஆஸ்பத்திரி. 'பண்பாடு தவறாத நோயாளிக் கல்வி' என்று கேடயமே வாங்கியது. தலைவரிடம் யாரும் நேராகப் பேசக்கூடாது, அவருடைய கோல்காரர் வழியாகத்தான் பேச வேண்டும் என்பது மரபு. டுஃபியேயும் படுக்கையில் கிடந்த தலைவரை ஏறிட்டும் பார்க்காமல், கோல்காரர் அட்டகோராவுக்கே பாடம் நடத்தினாள். அவர் வழியாகவே பரீட்சையும் வைத்தாள். நானா நூற்றுக்கு நூறு. ஆஸ்பத்திரி இயக்குநர் கண் கலங்கினார்.

அந்த அட்டகோரா பல்லக்கின் பக்கத்தில் தங்கக் கோலோடு, நிதானமாக மூச்சை இழுத்துவிட்டு நடந்து வந்தார்.

"ஐயா, நானாவைக் கையை இறக்கச் சொல்லுங்க."

"தலைவர்கிட்ட 'இறக்கு'ன்னு சொல்ற வாய் இந்த ஊர்ல இல்லம்மா."

"அப்ப நான் சொன்னதை எல்லாம் எப்படித்தான் சொன்னீங்க?"

"'நானாவின் கரம் உயர்ந்தால் பூமி அதிரும்'னு சொன்னேன். சந்தோஷப்பட்டார்."

டுஃபியேக்கு மரபு மறந்துபோனது. "நானா, கையை இறக்குங்க! நெஞ்செலும்பு பிரிஞ்சுடும்."

முரசு நின்றது. குடை பிடித்தவன் வாயைப் பிளந்தான். வாள் மெதுவாக மடிக்கு இறங்கியது. பல்லக்கை இறக்கச் சொல்லித் தலைவர் சைகை செய்தார். கோல்காரர் முன்னே வர, ஒரு விரலால் அவரை ஒதுக்கினார்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"சொன்னேனே நானா. கேள்வி கேட்டேன், எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னீங்க."

"நான் பதில் சொன்னேனா?"

அட்டகோரா தொண்டையைச் செருமினார். "பதில் நான் சொன்னது. உப்பை நிறுத்தினது நான். சாயங்காலம் மெல்ல நடக்கிறது, இருமினா தலையணையை நெஞ்சோட கட்டிக்கிறது, எல்லாம் நான்தான். தலைவருக்குக் 'கூடாது'ன்னு சொல்லக்கூடாதே. அதனால அவர் சார்பா நானே கடைப்பிடிச்சேன். உடம்பு நல்லா இருக்கு."

டுஃபியே தலைகுனிந்தாள். "மரபை மீறக்கூடாதுன்னுதான் நானா..."

"முதல் நாளே உங்க பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். இங்க நான் வெறும் நோயாளி, எதுவானாலும் என்கிட்டயே பேசுங்கன்னு. கேடயத்துக்கு ஆகாதுன்னார்."

தலைவர் நெஞ்சைப் பிடித்தபடி அவளை நேராகப் பார்த்தார்.

"கத்தியை மட்டும் நேரா என் நெஞ்சுலதானே வச்சீங்க. அதை இவன் வழியா வைக்கலையே?"