மரத்த கையும் மறைத்த சர்க்கரையும்

அன்புள்ள மச்சானுக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு உங்கள் அக்கா நலம், நான் பாதி நலம். உங்கள் நலத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கு இல்லாவிட்டாலும் விசாரிக்கிறேன். இரண்டு வருடமாக நீங்கள் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. காரணம் நான்தான் என்பது ஊருக்கே தெரியும். என் மகள் கல்யாண வரவேற்பில், சம்பந்தி வீட்டார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, உங்கள் தட்டிலிருந்த கேக் துண்டை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டு, "சுகர்ங்கறது சோம்பேறிங்களுக்கு வர்றது மச்சான்" என்று நான் சொன்னபோது, என் சட்டைப் பையில் சர்க்கரை மாத்திரை இருந்தது. எனக்கு அப்போதே நாலு வருடமாகச் சர்க்கரை. அந்தக் கேக்கையும் நான்தான் சாப்பிட்டேன்.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். நடைப்பயிற்சிச் சங்கத்துக்குத் தலைவனாக இருந்துகொண்டு, ஞாயிறுதோறும் பூங்காவில் "சர்க்கரையை விரட்டுவோம்" என்று தொண்டை கிழியப் பேசுகிறவனுக்கே சர்க்கரை என்றால் யார் கைதட்டுவார்கள்? மாத்திரையை வைட்டமின் புட்டியில் போட்டு வைத்தேன். உங்கள் அக்கா ஒருநாள் தவறாமல் தண்ணீரோடு அதை எடுத்துக் கொடுத்தாள். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

சென்ற வாரம் சங்கத்தில், பின்னோக்கி நடப்பதன் நன்மைகளைப் பற்றிப் பேசிக்கொண்டே பின்னோக்கி நடந்து காட்டினேன். பின்னால் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. இடது முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்துவிட்டன, ஆபரேஷன் செய்து பிளேட் வைக்க வேண்டும் என்றார்கள். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் அம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேள்வி கேட்டார். சுகர் இருக்கா என்று கேட்டதும், நான் வாயைத் திறப்பதற்குள் உங்கள் அக்கா, "இவருக்கா? இவரு சங்கத் தலைவருங்க" என்றாள். நான் தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று கேட்காதீர்கள். ரத்தப் பரிசோதனையில் கொஞ்சம் கூடுதலாகத்தான் காட்டியது. அடிபட்ட பதற்றத்தில் ஏறியிருக்கும் என்று காரணத்தையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

முழு மயக்கம் வேண்டாம், கையை மட்டும் மரக்க வைத்தால் போதும் என்று ஆபரேஷன் அறையில் படுக்க வைத்து, கழுத்தெலும்புக்கு மேலே ஊசியை இறக்கினார் அந்த அம்மா. அந்த ஊசி வழியாக லேசாக மின்சாரம் போகுமாம், நரம்புக்குப் பக்கத்தில் வந்தால் விரல் துள்ளுமாம். என் விரல் துள்ளவில்லை. மின்சாரத்தைக் கூட்டினார், அப்போதும் துள்ளவில்லை. ஸ்கேன் திரையைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"நரம்புக்குப் பக்கத்துலதான் ஊசி இருக்கு, நல்லாவே தெரியுது. ஆனா விரல் அசைய மாட்டேங்குது. ஐயா, உங்களுக்கு நிஜமாவே சுகர் இல்லையா?"

"இல்லம்மா. எக்சர்சைஸ் செஞ்சு செஞ்சு நரம்பு முறுக்கேறியிருக்கும்."

கழுத்தில் ஊசி இருக்கும்போதும் பொய் சொல்கிற மனுஷனை அவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். திரையை நம்பி மருந்தைச் செலுத்தினார். ஆபரேஷன் நல்லபடியாகவே முடிந்தது.

சாயங்காலத்துக்குள் உணர்ச்சி வந்துவிடும் என்றார்கள். வரவில்லை. மறுநாள் காலையிலும் வரவில்லை. நலம் விசாரிக்க வந்த சங்கச் செயலாளர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, கழுத்தில் கட்டிய பட்டையிலிருந்து கை நழுவி அவர் மடியில் போய் விழுந்தது. நான் பாசத்தில் வைத்தேன் என்று நினைத்து, அவரும் கண் கலங்கி என் விரல்களைக் கால்மணி நேரம் பிடித்துக்கொண்டு பேசினார். எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் போன பிறகு உங்கள் அக்கா சொல்லித்தான் தெரியும். சொல்லிவிட்டு அவள் அழ ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் அம்மா வந்தார். உங்கள் அக்கா கோபப்பட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், இப்படிப் பார்த்திருக்க மாட்டீர்கள். "நல்லா இருந்த மனுஷன் கையைக் கொன்னுட்டீங்களேம்மா. எங்க ஊசி குத்தணும்னு தெரியாமயா குத்துனீங்க?" என்று எட்டுக் கட்டில் வார்டும் கேட்கும்படி பிடித்துக்கொண்டாள். அந்த அம்மா என்னையே பார்த்தார். நான் கூரையிலிருந்த மின்விசிறிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தம் ஒரு மின்விசிறிதான் இருந்தது. மச்சான், என் வாழ்நாளில் நான் அவ்வளவு கேவலமாக உணர்ந்ததில்லை.

அக்கா முகம் கழுவப் போனதும் அந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்பவாவது சொல்லுங்க. எத்தனை வருஷம்?" என்றார். ஆறு என்றேன். அவர் திட்டவில்லை, திட்டியிருக்கலாம். "சுகர்ல நரம்பு ஏற்கெனவே களைச்சுப் போயிருக்குங்க. மின்சாரத்துக்கு லேசுல அசையாது, மருந்து போட்டா சீக்கிரம் தெளியாது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா மருந்தை யோசிச்சுக் குடுத்திருப்பேன், உணர்ச்சி வர நேரமாகும்னு உங்க வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லி வெச்சிருப்பேன். அவங்க இப்படி அழ வேண்டியிருந்திருக்காது" என்றார். அன்று பிற்பகல் கட்டைவிரலில் சுருக்கென்றது, பிறகு வலி வந்தது. வலிக்குது என்று நான் அழ, அக்கா சந்தோஷத்தில் அழுதாள்.

அன்றே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. டாக்டர் அம்மாவைத் தேடிப் போய் மன்னிப்பும் கேட்டாள். இனி இந்த வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. ஆகவே நீங்களும் பழையதை மனதில் வைக்காமல் ஒருமுறை வந்து போகவேண்டும். உங்கள் தட்டுப் பக்கம் நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

தங்கச்சிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. வேளாவேளைக்கு மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தலைகுனிவுடன்,
அத்தான்

பின்குறிப்பு: அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்று மேலே எழுதியது பொய். உங்களுக்கு எழுதும்போதாவது நல்லவனாக இருந்து பார்க்கலாம் என்று எழுதிவிட்டேன். அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த டாக்டர் மேல் மூன்று பக்கத்துக்குப் புகார் எழுதி, என் கையெழுத்துக்காக மேசையில் வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமை தையல் பிரிக்கப் போகும்போது ஆஸ்பத்திரி மேலதிகாரியிடம் கொடுக்கப் போகிறாளாம். நோயாளி சொன்னதை அந்த அம்மா வெளியே சொல்ல மாட்டார், தன் வேலைக்கே ஆபத்து வந்தாலும் சொல்ல மாட்டார். நாலு தடவை அக்கா எதிரில் போய் உட்கார்ந்தேன். நாலு தடவையும் குடிக்கத் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வியாழக்கிழமைக்குள் வந்துவிடுங்கள் மச்சான். நீங்கள் எதுவும் பேச வேண்டாம். நான் சொல்லி முடிக்கிறவரை என்னை எழுந்திருக்க விடாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.